தக்கலைக்குப் போன ஏலிங்

மரக் கம்பியால் அழி போட்ட சின்ன ஜன்னல். அதற்கு இந்தப் பக்கம், வீட்டை ஒட்டி இறக்கிய சாய்ப்பில், பாயில் நான். அந்தப் பக்கம் முற்றத்தில் நாற்காலி போட்டு எங்கள் தாணு அண்ணன். அவன் மடியில் பலகை, பலகையில் கோடில்லாத வெள்ளைக் காகிதம், கையில் வக்கீல் ஆபீஸ் பேனா. அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பெற்ற அப்பா நிற்க மகன் உட்காரலாமா என்று கேட்காதீர்கள். ஆங்கிலம் எழுதுகிறவனுக்கு எங்கள் வீட்டில் அந்த உரிமை உண்டு.

கும்பப்பூ அறுவடை முடிந்து புது வைக்கோல் வந்து இறங்கிய நேரம். சாய்ப்பு முழுவதும் அந்த வாசனைதான்.

அண்ணன் எழுதியதை உரக்க வாசித்தான். அப்பாவுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும், அதே ஆங்கிலத்தை இன்னொரு தடவை மெதுவாக வாசித்தான். அப்பா தலையாட்டினார்.

எனக்குத்தான் ஒரு வார்த்தை காதில் இடறியது.

“அண்ணே, எனக்கு என்னண்ணு எழுதியிருக்கே?”

“ஏலிங்.”

“அன்வெல்னு போட்டாப் போதுமே.”

“ஏட்டி, நீ சும்மா இரி. அன்வெல் எல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைய எழுதுத லீவு லெட்டரு. இது தக்கலைக்குப் போற எழுத்து. அதுக்குத் தக்கன ஒரு வார்த்தை வேணும்லா?”

ஓடிப்போய்ப் பிடுங்கிக் கிழித்திருப்பேன். ஆனால் நான் அன்று காலையில்தான் வீட்டுக்குத் தூரமாகியிருந்தேன். மூன்று நாளைக்கு அந்தச் சாய்ப்புதான் எனக்கு. தனிப் பாய், தனித் தட்டு. புத்தகத்தைத் தொடக்கூடாது, காகிதத்தைத் தொடக்கூடாது, பேனாவை நினைக்கவே கூடாது. அண்ணன் உறையை நாக்கால் நனைத்து ஒட்டி, சட்டையை மாட்டிக்கொண்டு தபாலாபீசுக்குப் போனதை அழி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தனை வார்த்தை இருந்தும்

இந்தத் தொடரைப் படிக்கும் வாசகி ஒருவர், நாஞ்சில் நாட்டில் உடம்புக்கு முடியவில்லை என்றால் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டு எழுதியிருந்தார். அம்மா, எங்களிடம் அதற்குப் பஞ்சமே இல்லை.

எழுந்து நடமாட முடிகிறது, ஆனால் வேலை ஓடவில்லை என்றால் “வய்யா”. விருந்தாளிகளிடம் மரியாதையாகச் சொல்ல “மேலுக்குச் சொகமில்லே”. மேற்கே விளவங்கோட்டுப் பக்கம் போனால் “சொகக்கேடு”. பாயில் விழுந்துவிட்டால் “தீனம்”. தீனம் என்றால் தீனம்தான். பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சியும் விசாரிப்பும் வர ஆரம்பித்துவிடும்.

இத்தனை இருந்தும், மாதத்தில் அந்த மூன்று நாளைப் பற்றி ஓர் ஆண் இன்னோர் ஆணுக்குக் கடிதம் எழுத ஒரு வார்த்தை கிடையாது. “தூரம்” என்று கிணற்றடியில் பெண்கள் பேசிக்கொள்ளலாம். சம்பந்தி ஆகப்போகிறவருக்கு எழுத முடியுமா? அதனால்தான் ஆங்கிலத்தை இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

நாகர்கோவிலில் நான் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். காய்ச்சல் என்றால் ஃபீவர். தலைவலி என்றால் ஹெடேக். இந்த மூன்று நாளுக்கு மட்டும் அன்வெல். எந்த டீச்சரும் இதைச் சொல்லித் தரவில்லை. பெரிய கிளாஸ் பிள்ளைகள் சின்ன கிளாஸ் பிள்ளைகளின் காதில் சொல்லிவிட்டுப் போவார்கள். அன்வெல் என்று இருந்தால் டீச்சர் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஒரே மாதத்தில் இரண்டு தடவை அன்வெல் எழுதிய செல்லம்மாளை மட்டும் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான்.

இன்றைக்கு முடியவில்லை, நாலு நாளில் சரியாகிவிடும். அன்வெல் அவ்வளவு சின்ன, சமர்த்தான வார்த்தை. ஏலிங் அப்படியல்ல. அது நாள்பட்ட நோவு. உள்ளுக்குள்ளே இருந்து அரிக்கிற நோவு. இது பள்ளி இறுதி முடித்த எனக்குத் தெரிந்தது. இன்டர்மீடியட் வரை போன அண்ணனுக்குத் தெரியவில்லை. அவன் அகராதியைப் புரட்டியபோது எந்த வார்த்தை பார்க்க எடுப்பாக இருக்கிறது என்று பார்த்தானே ஒழிய, அதற்கு நேரே என்ன போட்டிருக்கிறது என்று பார்க்கவில்லை.

எனக்கு ஏன் அந்த இடம் வேண்டும்

அதற்கு முன்னால் இரண்டு இடம் வந்து போயிருந்தது. இரண்டு வீட்டிலும் ஒரே பேச்சு: “படிச்சது போரும்.” எனக்கோ டீச்சர் ட்ரெயினிங் படிக்க வேண்டும் என்று ஆசை. ஆசை என்று எழுதுகிறேன், அது வெறி. கிணற்றில் வாளியை இறக்கும்போது கூட மனசுக்குள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பேன்.

தக்கலைக்காரர்கள் வித்தியாசமாக இருந்தார்கள். மாப்பிள்ளைக்குத் திருவனந்தபுரத்தில் உத்தியோகம். சனிக்கிழமை தோறும் ஊருக்கு வருவார். மாப்பிள்ளையின் அப்பாவும் அங்கே சர்க்கார் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தோம். ஆபீஸ் என்றால் மலையாளம் அல்லது ஆங்கிலம். முப்பது வருடம் ஃபைலைப் பார்த்த மனுஷர், வீட்டுக் காரியத்துக்கும் ஆங்கிலத்தில்தான் கடிதம் எழுதுவார். பதிலையும் அப்படியே எதிர்பார்ப்பார்.

அந்த மனுஷர்தான் இடையில் நின்று பேசிய கோலப்ப மாமாவிடம், “பொண்ணுக்குப் படிக்கணும்னு இருந்தா படிக்கட்டு. நமக்கென்ன?” என்று சொல்லிவிட்டிருந்தார். கோலப்ப மாமா அதை எங்கள் வீட்டில் வந்து சொன்ன அன்று நான் இரண்டு ஆள் சாப்பாட்டைச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவர்கள் மட்டும் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை காலையில் நான் சாய்ப்புக்குப் போய்விட்டேன். அதனால் வந்த கடிதம் அது: பெண் ஏலிங், ஆகவே ஞாயிறு வேண்டாம், புதன்கிழமை காலை வந்தால் சௌகரியம்.

ஒரு கார்டு

திங்கட்கிழமை தலை முழுகி வீட்டுக்குள் வந்தேன். ஈரத் தலையோடு நிற்கும்போதே தபால்காரர் கார்டைக் கொடுத்தார். தக்கலையிலிருந்து. எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. வருகை மறு அறிவிப்பு வரை ஒத்திவைக்கப்படுகிறது என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி.

அன்று சாயங்காலம் கோலப்ப மாமா வியர்த்து வழிந்துகொண்டு வந்தார்.

“என்னத்த எழுதிக் கெடுத்தியோ? அங்க அவரு தடிப் பொத்தகத்தை எடுத்து வச்சுக்கிட்டு எனக்கு வாசிச்சுக் காட்டுதாரு. தீராத தீனமாம்! ‘பொண்ணு கல்லு மாதிரி இருக்காண்ணு சொன்னீரே ஓய்’ண்ணு எனக்க முகத்தைப் பாத்துக் கேக்காரு. நான் என்ன சொல்லட்டு?”

அந்தத் தக்கலை மனுஷரின் ஆபீசில், ஏலிங் மதர் என்று காரணம் காட்டி லீவு கேட்டவர்களின் தாய்மார் எல்லாம் பத்து வருடம் படுத்தே கிடந்தார்களாம். அப்படி எத்தனை மனுவில் கையெழுத்துப் போட்டவர் அவர்! ஏலிங் என்றால் என்ன என்று அவருக்கு யார் சொல்ல வேண்டும்?

அம்மை தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் மட்டும் அசரவில்லை. “இன்னொரு எழுத்து போட்டாச் செரியாப் போவும். தீனம் மாறி வாறதுக்குக் கன்வலெஸன்ட்டுண்ணு ஒரு வார்த்தை உண்டு...” என்று ஆரம்பித்தான்.

அதிர்ந்து பேசாத அப்பா அன்று பேசினார்.

“இனி இந்த வீட்டுலேருந்து இங்கிலீசுல ஒரு எழுத்து போவப்பிடாது.”

செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் செய்தி எங்கள் ஊர் சுசீந்திரம் முழுக்கப் பரவிவிட்டது. கோலப்ப மாமா பஸ்ஸில் யாரிடம் புலம்பினாரோ. குளத்துக்குப் போகும் வழியில் ஒருத்தி நின்று, “பிள்ளைக்கு இருமல் உண்டுமாமே?” என்று அம்மையிடம் கேட்டாள். இருமல் என்றால் அந்த நாளில் சயரோகம் என்று அர்த்தம். அதைவிடப் பயங்கரமான பேச்சு ஒரு வீட்டைப் பற்றிக் கிளம்ப முடியாது. எனக்குப் பின்னால் ஒரு தங்கையும் இருந்தாள்.

நான் அடுப்பங்கரைக்குப் போய், பச்சை விறகை வைத்து ஊதி, அந்தப் புகையில் ஆசை தீர அழுதேன். ட்ரெயினிங் போயிற்று என்பதுதான் பெரிய அழுகை. மாப்பிள்ளையை நான் அதுவரை பார்த்ததே இல்லை, அதனால் அவருக்காக அழுதேன் என்று பொய் எழுத மனம் வரவில்லை. அண்ணன் மேல் வந்த கோபத்தில் அன்று அவனுக்கு வைத்த ரசத்தில் உப்பே போடவில்லை. அவன் உப்புக் கேட்காமல் அதை முழுவதும் குடித்துவிட்டு எழுந்து போனான். அப்போதுதான் அவனும் உள்ளுக்குள் உடைந்திருக்கிறான் என்று தெரிந்தது.

மிளகு வடை

புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். நான் முற்றத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பெண்கள் படலைத் திறந்துகொண்டு வந்தார்கள். முன்னால் வந்தவர் குள்ளம், நல்ல கறுப்பு, கையில் வாழை இலைப் பொதி. பின்னால் வந்தவர் ஒல்லி. வீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தக்கலைலேருந்து வாறோம். கோயில்ல அனுமாருக்கு வடைமாலை நேர்ச்சை இருந்து, சாத்தியாச்சு. வந்ததுதான் வந்தோம், ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்ணு.”

குள்ளமானவர் மாப்பிள்ளையின் அம்மா, ஒல்லியானவர் அவருடைய தங்கை. அம்மை ஓடிவந்து பாயை விரித்தாள், சுருட்டினாள், மறுபடி விரித்தாள். அப்பா வயலில் இருந்தார். அண்ணன் ஆபீசுக்குப் போயிருந்தான், நல்லவேளை.

அவர் பொதியை அவிழ்த்து ஒரு வடையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“பிரசாதம். தின்னு மக்கா.”

அனுமாருக்குச் சாத்துகிற வடையைத் தின்றவர்களுக்குத் தெரியும். தட்டையாக, மொறமொறவென்று, முழு மிளகை உடைத்துப் போட்டது. வாயில் போட்டுக் கடித்தேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒல்லி அம்மாள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். இருமல் கதை அவர்கள் காது வரைக்கும் போயிருக்கிறது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு மிளகு புரையேறியது.

இருமினால் தொலைந்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். கண்ணில் நீர் கொட்டியது. காது அடைத்தது. நெஞ்சுக்குள் யாரோ உலக்கை போடுகிற மாதிரி இருந்தது. அம்மை என் முகத்தைப் பார்த்து வெளுத்துப் போனாள். நான் சாமியைக் கும்பிடவில்லை, அண்ணனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

“இருமணும்னா இருமு மக்கா,” என்றார் அந்தக் குள்ள அம்மாள். “மொளவு ஏறினா யாருக்கும் இருமத்தான் செய்யும்.”

இருமினேன். முற்றத்தில் நெல் கொத்திய கோழியெல்லாம் சிதறி ஓடுகிற மாதிரி இருமினேன். அவரே எழுந்து வந்து தலையில் தட்டி, செம்பில் தண்ணீர் கொடுத்தார். மூச்சு நிதானத்துக்கு வந்ததும் என் காதருகே குனிந்தார்.

“என்னைக்குத் தலை முழுகினே?”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கண் சிரித்துக்கொண்டிருந்தது.

“திங்கக்கெழம.”

அவர் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தார். “நான் சொல்லல்லியா? இதுக்கா அந்த மனுசன் நாலு நாளாப் பொத்தகத்தைப் பொரட்டிட்டுக் கெடக்காரு!” என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். ஒல்லி அம்மாளும் சிரித்தார். அம்மைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். நான் நெல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு நிம்மதி அதற்குப் பிறகு என் மூன்று பிரசவத்தில்தான் எனக்குக் கிடைத்தது.

அத்தையின் கணக்கு

தக்கலையில் நடந்ததைப் பிற்பாடு, எனக்கு மாமியாராகிவிட்ட அந்த அத்தையே பல தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சிரிப்பார்.

சனிக்கிழமை கடிதம் வந்ததும் என் மாமனார், அதாவது மாமா, அகராதியை விரித்து வைத்துக்கொண்டு, பெண்ணுக்குத் தீராத நோய் என்று பதறியிருக்கிறார். அத்தைக்கு ஓர் ஆங்கில எழுத்துகூடத் தெரியாது. திங்கட்கிழமை கோலப்ப மாமா வந்திருந்தபோது இரண்டே கேள்வி கேட்டாராம்.

“எழுத்து என்னைக்குப் போட்டது?”

“வெள்ளிக்கெழம.”

“என்னைக்கு வரச் சொல்லியிருக்கு?”

“புதங்கெழம.”

அத்தை விரலை மடக்கினார். வெள்ளி, சனி, ஞாயிறு. திங்கள் குளி. செவ்வாய் பெண் பார்க்க ஆகாது. புதன்.

“தீராத தீனக்காரிக்கு எந்த வீட்டுல இப்பிடிக் கெழம குறிச்சுச் சொல்லுவாவ, நீயே சொல்லு” என்று என்னைக் கேட்பார். மாமாவிடம் அதை எப்படிச் சொல்வது? பக்கத்தில் கோலப்ப மாமா வேறு உட்கார்ந்திருந்தார். அதனால் அனுமாருக்கு வடைமாலை நேர்ச்சை இருக்கிறது என்று மட்டும் சொல்லி, புதன்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்திருக்கிறார். திரும்பிப் போய், “பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல, நாளைக் குறியுங்க” என்றாராம். மாமா, “அப்போ ஏலிங்?” என்று கேட்டதற்கு, “அது பொம்பளைய காரியம்” என்று சொல்லி உள்ளே போய்விட்டாராம். மாமாவுக்கு அப்புறம் விளங்கியிருக்க வேண்டும். மூன்று நாள் அந்த அகராதிப் பக்கமே போகவில்லையாம்.

அந்தச் சனிக்கிழமை ஊருக்கு வராமல் ஆபீஸ் வேலையாகத் திருவனந்தபுரத்திலேயே தங்கிவிட்ட மாப்பிள்ளைக்கு இதெல்லாம் நடந்தது தெரியவே தெரியாது. கல்யாணத்துக்கு அப்புறம் நான் சொல்லித்தான் தெரியும்.

ஜன்னல் வழியாக

கல்யாணம் நடந்தது. அடுத்த வருடம் நாகர்கோவிலில் ட்ரெயினிங்கில் சேர்ந்தேன். தக்கலையிலிருந்து காலையில் பஸ், சாயங்காலம் பஸ். இதை இப்போது எழுதும்போதும் ஒரு தடவை நிறுத்திவிட்டு, சேர்ந்தேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன்.

சேர்ந்த முதல் மாதமே தூரமானேன். அந்த வீட்டிலும் வழக்கம் அதுதான். பின்கட்டில் ஓர் அறை, அதற்கும் ஒரு ஜன்னல். மூன்று நாள் லீவுக்கு வீட்டுப் பெரியவர் கையெழுத்தோடு லெட்டர் கொடுத்தாக வேண்டும். என் கணவர் சனிக்கிழமைதான் வருவார். மாமா எழுத வேண்டும்.

அகராதி எடுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அந்தத் தடிப் புத்தகம் மேஜையில் விழுந்தால் வீடே அதிரும். கொஞ்ச நேரம் பக்கம் புரளும் சத்தம். பிறகு அதுவும் நின்றது. நான் பாயில் உட்கார்ந்து சுசீந்திரத்துச் சாய்ப்பை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா ஜன்னலுக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் மாமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையில் ஒரு வெள்ளைக் காகிதம், பேனா. காகிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

“இதுக்கு என்ன வார்த்தை போடணும்ணு உனக்குத்தான் தெரியும்,” என்றார். “நீயே எழுது. நான் ஒப்புப் போடுதேன்.”

“மாமா, நான் தொடப்பிடாதுல்லா?”

அவர் அழிக்கு இடையே காகிதத்தையும் பேனாவையும் நீட்டியபடி நின்றார். நான் வாங்கிக்கொண்டேன். சுவரில் வைத்து எழுதினேன். அன்வெல் என்று எழுதி, எழுத்தை ஒரு தடவை சரிபார்த்தேன். திருப்பிக் கொடுக்கும்போது தரையில் வைக்கப் போனேன், அவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று. மாமா கையை நீட்டினார். என் கையிலிருந்தே வாங்கிக்கொண்டார்.

வாசித்துப் பார்த்தார். ஃபைலில் கையெழுத்துப் போடுகிற மாதிரி தன் முழுப் பெயரையும் எழுதினார். கையெழுத்துக்கு மேலே இருந்த அந்தச் சின்ன வார்த்தையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, “இது போரும்,” என்றார்.

அப்புறம் கையைக் கழுவாமலே காப்பி குடிக்கப் போனார்.